ஊதா நிறக் குழிகள்

ஜெயமணி என்ன வேலை செய்கிறாள் என்று புலாவ் செபாங்கில் அவள் தெருக்காரர்கள் யாருக்கும் சரியாகத் தெரியாது. "லேப்ல வேலை" என்பாள். உடனே யாராவது, "ரத்தம் எடுப்பியா? எங்க வீட்டுக்காரருக்குச் சுகர் பாக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நாள் விளக்கிப் பார்த்தாள். பிறகு அலுத்துப் போய், "எலியோட நரம்புச் செல்லுக்குச் சோறு போடுற வேலைக்கா" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிடுவாள்.

அது உண்மைதான். அலோர் காஜா பக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பரிசோதனைக்கூடம். மீன், இறால், சிப்பி விற்கிறவர்கள் சரக்கைக் கொண்டுவந்து கொடுத்தால் தின்னத் தகுந்ததா என்று பார்த்துச் சொல்வார்கள். ஜெயமணி அங்கே கண்ணாடிக் குடுவை கழுவப் போனவள். கை சுத்தம், அதிகம் பேசமாட்டாள் என்று சில வருஷத்தில் செல் அறைக்குள் விட்டார்கள். எப்போதோ ஒரு எலியின் நரம்புக் கட்டியிலிருந்து எடுத்து, இன்றுவரை பெருகிக்கொண்டே இருக்கும் செல்கள். தட்டையான பிளாஸ்டிக் குடுவைகளில், வெதுவெதுப்பான பெட்டிக்குள், ரோஸ் நிறச் சாற்றில் வளரும். சாறு மஞ்சளாகத் திரும்பினால் பசி என்று அர்த்தம். பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். குடுவை நிறைந்துபோனால் பிரித்து வேறு குடுவைக்கு மாற்ற வேண்டும். தீபாவளி, தைப்பூசம் எதுவும் அவற்றுக்குக் கிடையாது. மகன் ஜொகூர் பாருவுக்கு வேலைக்குப் போன பிறகு, கணவன் ரங்கசாமியும் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலைக்கு ஷிஃப்ட் மாறி மாறிப் போன பிறகு, நேரத்துக்கு அவளிடம் சாப்பாடு கேட்டது அந்தச் செல்கள்தான். இதை அவளே ஒருமுறை சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அங்கே நடக்கும் சோதனைகளில் ஒன்று கொஞ்சம் தலைகீழானது. கடலில் சில சமயம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி பெருகும். சிப்பிகள் அதைத் தின்று விஷத்தைத் தங்கள் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. தின்ற மனுஷனுக்குத்தான் நரம்பு அடங்கும். அதைக் கண்டுபிடிக்க, சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் செல்களைப் போட்டு, அவற்றைக் கொல்லக்கூடிய இரண்டு மருந்துகளையும் ஊற்றி, கூடவே சிப்பிச் சாற்றையும் சேர்ப்பார்கள். சிப்பி சுத்தமாக இருந்தால் செல்கள் மருந்தில் செத்துப்போகும். அந்த விஷம் இருந்தால், மருந்தின் வேலையை அது தடுத்துவிடும். செல்கள் பிழைத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு மஞ்சள் நீரை விட்டால், உயிரோடிருக்கும் செல்கள் அதை ஊதாவாக மாற்றும். சிப்பிச் சாறு போட்ட குழி வெளுத்த மஞ்சளாகவே இருந்தால் நல்லது. ஊதா வந்தால் விஷம்.

அந்தக் கூடத்தில் இன்னொரு பழக்கமும் இருந்தது. சோதனைக்குத் தேவையானதைவிட அதிகமாகவே சிப்பி வரும். ஒரு பங்கைச் சோதனைக்கு எடுத்து, ஒரு பங்கை உறைய வைத்துவிட்டு, மிச்சத்தை வேலைக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். முடிவு வருகிறவரை காத்திருந்தால் சிப்பி கெட்டுப்போகும். எத்தனையோ வருஷமாக ஒரு குழிகூட ஊதாவானதில்லை. விஞ்ஞானி ஷாமினி, ஜெயமணியைவிட மிகவும் சின்னவள், அவளே, "எடுத்துட்டுப் போங்கக்கா, வேஸ்ட்தானே லா" என்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது கூப்பாங். பச்சை ஓரம் போட்ட கறுப்புச் சிப்பி, நல்ல பருமன். வழக்கமாகப் பங்கு வாங்கும் இன்னொருத்தி, மலாய்க்காரப் பெண், தன் மகள் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தாள். ஷாமினிக்குச் சிப்பி ஒத்துக்கொள்ளாது. ஜெயமணிக்குப் புரட்டாசி. மாதம் முழுக்க அவள் வீட்டுக்குள் கவிச்சி வராது. ஐஸ்பெட்டியில் முட்டைகூட இருக்காது. ஆகவே முழுப் பையையும் மோட்டாரின் முன்னால் மாட்டிக்கொண்டு, கோலா சுங்கை பாருவில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் அப்புசாமி படகுத்துறையில் ஐஸ்கட்டி ஏற்றுகிறவன். நியாலாஸ் பக்கம் தோட்டத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து வளர்ந்தவர்கள். ஜெயமணிக்கு முதல் மோட்டார் வாங்கிக் கொடுத்தது அவன்தான். கொஞ்ச நாளில் குடித்துவிட்டு அதைக் கால்வாயில் விட்டதும் அவன்தான். குடிக்காத நேரத்தில் அவனைப் போல ஒரு மனுஷனைப் பார்க்க முடியாது என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த நேரம்தான் அதிகம் வாய்த்ததில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷமும் பிள்ளை கிடையாது. மனைவி குஞ்சம்மா பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்துக் குடும்பத்தை இழுத்தாள்.

ஆடி மாதத் திருவிழாவில் அப்புசாமி ஒரு காரியம் செய்தான். அவர்கள் குடியிருந்த கம்போங்கின் ஓரத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த முனியாண்டி கோயிலில், கோயில் தலைவர் இருளாண்டி சூடத்தட்டை நீட்டி நிற்க, அதில் அடித்துச் சத்தியம் செய்து, முனியாண்டியின் அரிவாளில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டினான். இனித் தொடமாட்டேன் என்று. அன்றிலிருந்து தொடவில்லை. கைநடுக்கம் குறைந்தது. மீசையை ஒழுங்காகக் கத்தரித்தான். குடிக்கிற காலத்தில் வாடை தெரியாமலிருக்க வாயில் போட்டுக்கொள்ளும் இருமல் மிட்டாயை மட்டும் விட முடியவில்லை. எந்நேரமும் கன்னத்தில் ஒன்று அடக்கியிருப்பான்.

பையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "என்னா ஜெயா, கவுர்மெண்டு சாமானா?"

"கம்பெனி சாமான்ணே. மிச்சம். நல்லா ஆவிபுடிச்சுத் தின்னு."

"நீ?"

"புரட்டாசியிலயாண்ணே?"

"ஒங்க பெருமாளுக்குத்தான் புரட்டாசி. நம்ம முனியாண்டிக்கு வருஷம் பூரா ஐப்பசிதான் லா."

உள்ளேயிருந்து குஞ்சம்மாவின் குரல் வந்தது. "நாளைக்குச் சனிக்கெழம. நான் வெரதம். என் சட்டிய யாராச்சும் தொட்டீங்க, தெரியும் சேதி. வெளிய அடுப்பு வெச்சுக்கோங்க, தனிச் சட்டி எடுத்துக்கோங்க."

"பாத்தியா? குடிச்சப்பவும் வெளியதான் சோறு. குடிக்காட்டியும் வெளியதான்." அவன் ஒரு சிப்பியை எடுத்து ஓட்டைத் தட்டிப் பார்த்தான். "ஆமா, செக் பண்ணியாச்சா இத?"

"நாளைக்குத்தான் செல்லுல ஊத்துவோம். திங்கக்கெழம தெரியும். எப்பவும் நல்லாத்தான் வரும்."

"செல்லு என்னா பண்ணும்?"

"செத்தா நல்ல சிப்பி. பொழைச்சா விஷம்."

"என்னா எடம்டி அது! செத்தா நல்லதுங்குறானுவோ." அப்புசாமி சிரித்தான். "அப்ப ஒன் எலிக்கு முன்னாடி நாந்தான் டெஸ்ட்டு."

மூன்று பேரும் சிரித்தார்கள். குஞ்சம்மா தேநீர் கொண்டுவந்தாள். அந்த வீட்டில் அப்படி உட்கார்ந்து டீ குடித்து வெகுகாலமாகியிருந்தது.

மறுநாள் காலை அரைநாள் வேலை. ஜெயமணி தட்டில் மருந்துகளை விட்டு, ஷாமினி கொடுத்த கூப்பாங் சாற்றைக் குழி குழியாக ஊற்றி, மூடி, வெதுவெதுப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். குளித்து, பெருமாளுக்கு மாவிளக்கு போட்டாள். பொழுது சாய்கிற நேரத்தில் குஞ்சம்மா போன் செய்தாள்.

"ஒங்கண்ணன் போய்ட்டாரு."

"எங்க அண்ணி?"

"செத்துப் போய்ட்டாரு ஜெயமணி. குடிச்சுட்டு செத்துப் போய்ட்டாரு."

ஜெயமணியும் ரங்கசாமியும் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்கு முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. குஞ்சம்மா அழவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் போய்விட்டு மத்தியானத்துக்குமேல் வந்திருக்கிறாள். பின்கட்டில் அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நின்றான். நாக்குக் குழறியது. வாய் மரத்துப்போச்சு, கால் தரையில பாவல, மிதக்குற மாதிரி இருக்கு என்றான். இத்தனை வருஷமாக அவள் பார்க்காத தள்ளாட்டமா, கேட்காத குழறலா? கோபத்தில் கதவைச் சாத்திவிட்டு அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது பின்கட்டுச் சிமெண்ட் தரையில் கிடந்தான். எழுப்பினாள், எழுந்திருக்கவில்லை.

"வாடை அடிச்சுதாம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வாயிலதான் எப்பவும் அந்த மிட்டாய அடக்கி வெச்சிருப்பாரே, எங்க வாடை வரும்?"

போலீஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சுகர் இருந்தது, முன்பே ஒருமுறை நெஞ்சுவலி வந்திருந்தது, அன்றைக்குக் குடித்திருந்தான் என்று வீட்டாரே சொன்னார்கள். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. இதயம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தகனமாயிற்று.

சாவுக்கு வந்தவர்கள் கூடாரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து பேசியதை ஜெயமணி உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஆடியில சத்தியம் பண்ணான். பொரட்டாசி தாண்டல பாரேன்."

"முனி அடிச்சிருச்சுயா. வேறென்னா? கயித்தக் கட்டிட்டுக் குடிச்சா சும்மா விடுமா?"

"வேற சாமிகிட்ட சத்தியம் பண்ணியிருந்தாலாச்சும் பொழச்சிருப்பான்."

இதில் ஒருவன் சிரித்தேவிட்டான். ஜெயமணிக்குக் கோபம் வந்தது. அது அவர்கள் மேலா, அண்ணன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. பின்கட்டில், குழாயடியில், ஒரு பேசின் நிறைய வெறும் சிப்பி ஓடுகள் கிடந்தன. பக்கத்தில் வெளியடுப்பும் சட்டியும். சட்டியில் சாறு ஒரு சொட்டு இல்லை, குடித்திருந்தான். இதையாவது நல்லாத் தின்னுட்டுப் போனியேண்ணே என்று நினைத்துக்கொண்டு, ஓடுகளை வாரிக் குப்பைப் பைக்குள் போட்டு, பேசினைக் கழுவிக் கவிழ்த்தாள்.

முதல் காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று ஷாமினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாரிக்கா. எனக்கு என்னா சொல்றதுன்னே தெரியல." பிறகு பேச்சை மாற்ற நினைத்தவள் போல, "இங்க ஒரே கலாட்டாக்கா. திங்கக்கெழம பிளேட்டத் தொறந்தா, ஒங்களால நம்ப முடியாது" என்றாள்.

தட்டை அவள் எடுத்து வைத்திருந்தாள். ஜெயமணி குனிந்து பார்த்தாள். தன் கையால் ஊற்றிய வரிசைகள். கூப்பாங் சாறு விட்ட குழிகள் எல்லாம் நாவல்பழம் பிழிந்தது போல ஊதா.

"உறைய வெச்சதுலயிருந்து எடுத்து மறுபடி பண்ணேன். சேம். பெரிய லேபுக்கு அனுப்பியாச்சு, மெஷின்ல கன்ஃபர்ம் பண்ண. அந்தப் பண்ணையில சிப்பி எடுக்கறத நிறுத்திட்டாங்க. நல்லவேளை, மார்க்கெட்டுக்குப் போகல."

ஜெயமணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இத மனுஷன் தின்னா என்னா ஆகும் மிஸ்?"

"மொதல்ல ஒதடு மரத்துப் போகும். நாக்கு தடிச்சுப் போகும். அப்பறம் வெரல், கால். சில பேருக்கு மெதக்குற மாதிரி இருக்கும். தள்ளாடுவாங்க. பாக்குறவங்களுக்கு..." ஷாமினி நிறுத்தினாள். அவள் முகம் மாறியது. "அக்கா. அந்தப் பை. நீங்கதானே..."

"எங்கண்ணன் தின்னுச்சு."

வெதுவெதுப்புப் பெட்டி தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

"ஆவியில வேகவெச்சா போயிடாதா?" என்று ஜெயமணி கடைசியில் கேட்டாள்.

"போகாதுக்கா. சாறுல எறங்கும், அவ்வளவுதான்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா?"

ஷாமினி தயங்கினாள். "இதுக்கு மாத்து மருந்து இல்லக்கா. ஆனா மூச்சு மெஷின்ல போட்டு வெச்சிருந்தா, விஷம் தானா எறங்குற வரைக்கும்... நெறைய பேரு பொழச்சிருக்காங்க." பிறகு, அழுகிற குரலில், "எடுத்துட்டுப் போகச் சொன்னது நாந்தானேக்கா" என்றாள்.

ஜெயமணி எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். அவள் இல்லாத நாட்களில் குடுவைகளில் சாறு மஞ்சளாகியிருந்தது. எடுத்து மாற்றினாள்.

அண்ணன் குடிக்கவில்லை. இந்த ஒரு வரியை அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். முதலில் அது ஒரு ஆறுதல் போல இருந்தது. செங்காட் தாண்டி ரயில்வே கேட்டில் நிற்கும்போதுதான் மிச்சமும் புரிந்தது. இதைச் சொன்னால், சிப்பியைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்றும் சொல்ல வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. குடிக்காத மனுஷன் பின்கட்டில் நின்று உதவி கேட்டிருக்கிறான், அவன் முகத்தில் கதவைச் சாத்தினோம் என்று குஞ்சம்மாவுக்குத் தெரிந்துபோகும். இப்போது அவளிடம் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தில்தான் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறாள்.

ரங்கசாமியிடம் சொன்னாள். அவன் நெடுநேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். "எரிச்சாச்சு. இனி யாரால என்னா நிரூபிக்க முடியும்? விடு" என்றான். அப்புறம் தானே, "ஆனா மச்சான் பேரு கெட்டுப் போச்சே" என்றான்.

சில நாள் சாயங்காலம் ஜெயமணி குஞ்சம்மாவின் வீட்டுக்குப் போனாள். சொல்ல வேண்டும் என்றுதான் போவாள். குஞ்சம்மா துணி மடித்துக்கொண்டே, "ரெண்டு மாசம் நல்லவரா இருந்து காட்டிட்டுப் போய்ட்டாரு பாரு, அதத்தான் மன்னிக்க முடியல. பழைய மாதிரியே செத்திருந்தா எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது" என்பாள். ஜெயமணி டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவாள்.

அதற்குள் இருளாண்டி ஒரு முடிவு செய்திருந்தார். வாக்கு தவறிச் செத்தவன் கட்டிய கயிறு சாமியின் அரிவாளில் இருக்கக்கூடாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மனைவி கோயிலுக்கு வந்து, தன் கையால் அதை அவிழ்த்து, என் புருஷன் சத்தியம் மீறிவிட்டான், மன்னித்துவிடு என்று சாமி முன்னால் வாய்விட்டுச் சொல்லி, ஒரு சேவல் அறுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த உயிர் எல்லையிலேயே நிற்கும். குஞ்சம்மா மறு பேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டாள். "சொல்றேன். நல்லா வாய்விட்டே சொல்றேன்" என்றாள்.

பதினாறாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. கோயிலில் சொந்தக்காரர்களும் படகுத்துறை ஆட்களுமாகக் கொஞ்சம் பேர் நின்றார்கள். சேவல் கால் கட்டிக் கிடந்தது. இருளாண்டி சூடத்தைக் கொளுத்தினார். குஞ்சம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அரிவாளுக்கு அருகில் போய்க் கயிற்றில் கை வைத்தாள். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினாள்.

"அண்ணி, அவுக்காத" என்றாள் ஜெயமணி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அண்ணன் குடிக்கல. நான் குடுத்த கூப்பாங்குல விஷம் இருந்துச்சு. அதத் தின்னுதான் செத்துச்சு."

"என்னம்மா சொல்ற?" என்றார் இருளாண்டி. "இது எப்படித் தெரியும் ஒனக்கு?"

"எங்க லேப்ல அதே கூப்பாங்கத்தான் மாமா செல்லுல ஊத்துனோம். செல்லு பொழச்சிருச்சு. பொழைக்கக் கூடாது. ஊதாவா ஆயிருச்சு."

கூட்டத்தில் ஒருவன் பக்கத்தில் நின்றவனிடம், "எலி பொழச்சதுக்கும் அப்பு செத்ததுக்கும் என்னாடா சம்மந்தம்?" என்றான். "சும்மா இர்றா" என்றான் மற்றவன். ஜெயமணி மறுபடி விளக்கப் பார்த்தாள். மருந்து, நரம்பு, பாசி. சொல்லச் சொல்லக் குழம்பியது. தனக்கே அது புளுகு போலக் கேட்டது. அண்ணன் பேரைக் காப்பாற்றத் தங்கச்சி கட்டிய கதை என்று அவர்கள் முகங்களில் எழுதியிருந்தது.

இருளாண்டி கையை உயர்த்தினார். "அதெல்லாம் எனக்கு வெளங்காது தாயி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவன் குடிச்சானா, குடிக்கலியா?"

"குடிக்கல."

"நீ குடுத்த பொருளாலதான் செத்தானா?"

"ஆமா."

சூடத்தட்டை அவள் முன்னால் நீட்டினார். அப்புசாமி ஆடியில் அடித்துச் சத்தியம் செய்த அதே தட்டு. "இதுல அடிச்சுச் சொல்லு."

ஜெயமணி உள்ளங்கையை நெருப்பின்மேல் அடித்தாள். சூடம் அணைந்தது. இன்னொன்றைக் கொளுத்தி வைத்துவிட்டு இருளாண்டி அரிவாளைப் பார்த்தார். "கயிறு இருக்கட்டும். சேவல அவுத்து விடுங்கடா."

குஞ்சம்மாவின் கை இன்னும் முடிச்சின்மேல்தான் இருந்தது. அவள் ஜெயமணியைப் பார்க்கவே இல்லை. அரிவாளைப் பார்த்தபடி மெதுவாக, ஜெயமணிக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்: "தண்ணி கேட்டாரு. எங்க குடிச்சியோ அங்கயே போய்க் கேளுன்னு சொன்னேன்."

அன்று ஜெயமணி அவளை மோட்டாரில் கூட்டிப்போகக் காத்திருந்தாள். குஞ்சம்மா அவளைத் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் நடந்தே போனாள்.

மறு வாரம் ஜெயமணி முதலாளியிடம் தானாகவே போய்ச் சொன்னாள். சோதனைச் சரக்கை வெளியே கொண்டுபோனதற்கு அவர் கத்தவில்லை. அண்ணன் இறந்ததற்கு வருத்தம் சொன்னார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் அதே குரலில் சொன்னார். ஷாமினிக்கு எச்சரிக்கையோடு விட்டார்கள். இப்போது அங்கே மிச்சச் சிப்பி குளோரின் பீப்பாய்க்குள் போகிறதாம். மெஷின் முடிவும் வந்துவிட்டது, விஷம் இருந்தது நிஜம் என்று ஷாமினிதான் போனில் சொன்னாள். செல்கள் நன்றாக இருக்கின்றனவா என்று ஜெயமணி கேட்டாள். புதுப் பையன் ஒருத்தன் ஒரு குடுவையைக் கெடுத்துவிட்டான் என்றாள் ஷாமினி.

ஜெயமணி இப்போது பிஸ்கட் தொழிற்சாலையில் டப்பா அடுக்குகிறாள். படகுத்துறையில் அப்புசாமியைக் குடிகாரன் என்று யாரும் சொல்வதில்லை. கூப்பாங் அப்புசாமி என்கிறார்கள். சிப்பி விற்கிறவர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை குஞ்சம்மா வீட்டுக்குப் போவதை ஜெயமணி நிறுத்தவில்லை. குஞ்சம்மா கதவைத் திறப்பாள். வா என்று சொல்லமாட்டாள். நாற்காலியைக் காட்டுவதும் இல்லை. ஜெயமணி தானே உட்கார்ந்து, கொண்டுபோன பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு, சிறிது நேரம் இருந்துவிட்டு வருவாள். டீ கிடையாது.

போன தடவை போயிருந்தபோது, குஞ்சம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள். அந்த வீட்டில் அவள் ஜெயமணியிடம் பேசி நாளாகியிருந்தது.

"தண்ணி குடுத்திருந்தா பொழச்சிருப்பாரா?"

"இல்லண்ணி. தண்ணியால ஒண்ணும் ஆயிருக்காது."

அது உண்மை. ஜெயமணிக்கு அதைச் சொல்லும்போது நெஞ்சில் ஒரு சின்ன இளைப்பாறல்கூட வந்தது. குஞ்சம்மா ஒரு கல்லைப் பொறுக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா?"

ஜெயமணி மேசைமேலிருந்த பழத்தைப் பார்த்தாள். பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. குழாயடியில் அவள் அன்று கழுவிக் கவிழ்த்த பேசின் கவிழ்த்தபடியே கிடந்தது.

குஞ்சம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒலை கொதிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.